கேப்பிள்ஸ் ஏரியில் ஐந்து நாள்: இரண்டு கயாக், இரண்டு நாய்கள்

முதல் நாள், புதன்

காலை நாலே முக்காலுக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். வண்டியின் தலையில் இரண்டு கயாக் படகு, பின்சீட்டில் இரண்டு நாய், முன்சீட்டில் என் மச்சினன். அவன் சான் ஹோசேயில் மேற்படிப்புக்கு வந்து ஒரு வருடமாகிறது. இன்னும் கூடாரத்தில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. என் மனைவிக்கு இந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. "தம்பியையும் பிள்ளைகளையும் பத்திரமா கூட்டிட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். பிள்ளைகள் என்றால் நாய்கள்.

மணிக்குப் பதினோரு வயது. லாப்ரடார் கலப்பு. உடம்பெல்லாம் கறுப்பு, முகவாய் மட்டும் நரைத்துவிட்டது. ஏழு வருடமாக என் கயாக்கின் முன்பக்கம் அவன் இடம். சுட்டிக்கு இரண்டு வயது. காப்பகத்திலிருந்து எடுத்துவந்து எட்டு மாதம் ஆகிறது. மாடு மேய்க்கும் இனத்தின் கலப்பு என்றார்கள். அசைகிற எதையும் வட்டம் கட்டி மடக்கப் பார்க்கிறாள், அதனால் நம்புகிறேன்.

மணிக்கு இந்த வருடம் இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது. நீச்சல் நல்லது, குதிக்க மட்டும் விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனவே இந்த ஐந்து நாள் திட்டமே அவன் காலுக்கு ஏற்றபடி போட்டது. விடியலில் இரண்டு மணி நேரம் தண்ணீரில், அப்புறம் நிழலில். சுட்டியைக் கயாக்குக்குப் பழக்க வேண்டும். மீன் அதற்குப் பிறகுதான்.

"ஏன் அத்தான், யோசெமிட்டிக்கே போயிருக்கலாமே?" என்று மச்சினன் கேட்டான். நாய் வைத்திருப்பவர்களுக்கு அது சரிப்படாது. அந்தத் தேசியப் பூங்காவில் தார் போட்ட பாதைகளிலும் முகாம்களிலும் நாயை நடத்தலாம், மலைப்பாதைகளில் அனுமதி கிடையாது. தேசிய வனங்களில் விதி தாராளம். ஆறடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பாதைகளில் போகலாம். கேப்பிள்ஸ் ஏரி எல்டொராடோ தேசிய வனத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,800 அடி.

ஸ்டாக்டன் தாண்டும்போது டெல்டா நீர்வழிகளைப் பார்த்தால் இப்போதெல்லாம் மனசு கனக்கிறது. தங்க மட்டி என்ற வெளிநாட்டு மட்டியை 2024 அக்டோபரில் இந்தப் பக்கம்தான் கண்டுபிடித்தார்கள். வட அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. ஒரு நீர்நிலையில் புகுந்தால் குழாய், மதகு, படகு என்று எல்லாவற்றிலும் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, கயாக்கின் அடியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீர் போதும் அவை ஊர் மாற. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னும் பின்னும் கயாக்கைக் கழுவி, வடித்து, முழுக்கக் காயவைக்கிறேன். நாய்களின் லைஃப் ஜாக்கெட்டையும் சேர்த்துத்தான். ஈரம் அதில்தான் அதிக நேரம் தங்கும்.

88ஆம் எண் சாலை ஜாக்சனைத் தாண்டியதும் ஏறத் தொடங்குகிறது. காய்ந்த புல்லும் ஓக் மரமும் போய், பைன் வந்து, அப்புறம் வெறும் கிரானைட் பாறை. ஜாக்சனில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் சில்வர் ஏரி வருவதற்குள் பலூனாக உப்பியிருந்தது. கிர்க்வுட் தாண்டி ஒரு வளைவு, சட்டென்று ஏரி. மணி எழுந்து நின்று ஜன்னலில் மூக்கை வைத்தான். ஒவ்வொரு வருடமும் அதே வளைவில்தான் எழுந்திருக்கிறான்.

சாலைக்கு ஒரு பக்கம் முகாம், மறுபக்கம் ஏரி. முதல் வேலை, சாப்பாட்டுச் சாமான்களை இரும்புக் கரடிப்பெட்டியில் வைத்துப் பூட்டுவது. அரிசி, மசாலாவோடு நாய்த்தீனி, பற்பசை, சோப்பு எல்லாம் அதற்குள் போக வேண்டும். "நாய் இருக்கிற இடத்துக்குக் கரடி வருமா அத்தான்?" என்றான் மச்சினன். வரும். கட்டவிழ்த்த நாய் கரடியைத் துரத்திப் போய், கரடி திருப்பித் துரத்த, நாய் நேராக நம்மிடமே ஓடிவரும். அதனால்தான் பகலில் கயிறு, ராத்திரியில் எங்களோடு கூடாரத்துக்குள்.

இன்னொன்று, குக்கர். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. இங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாமல் விறைத்து நிற்கும், பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மூன்று லிட்டர் குக்கரைச் சுமந்துவந்ததற்கு இன்று ராத்திரியே பலன் கிடைத்தது. ஏரிக்கரையில் விசில் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கூடாரத்துச் சிறுமி ஓடிவந்து பார்த்தாள். சாம்பார் சாதம் கொஞ்சம் அவளுக்கும் போனது.

கொசு அதிகம். ஜூலைக் கடைசி என்றால் இங்கே இன்னும் பனி உருகி முடிந்த ஈரம். நாய்களுக்குக் கொசு பரப்பும் இதயப்புழுவுக்கான மாத்திரையை இந்த மாதம் மறக்காமல் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள், வியாழன்

ஐந்தரைக்கு அணைப்பக்கம் கயாக்குகளை இறக்கினோம். ஏரியில் அலையே இல்லை. குளிர் விரலைக் கடித்தது, ஆறேழு டிகிரி இருக்கும்.

மணி வழக்கம்போல என் கயாக்கின் அருகே வந்து நின்றான். முன்பெல்லாம் ஒரே தாவில் ஏறிவிடுவான். இன்று முன்னங்கால் ஒன்றை விளிம்பில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான், என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் லைஃப் ஜாக்கெட்டின் முதுகுப் பிடியில் ஒரு கையும் வயிற்றுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கி வைத்தேன். முப்பத்திரண்டு கிலோ. தூக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்கு அர்த்தம் கற்பிக்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் பார்த்ததை எழுதுகிறேன்.

ஏறியதும் ஆளே மாறிவிட்டான். முன்பக்கம் நான் ஒட்டிவைத்திருக்கும் ரப்பர் பாயில் நான்கு கால்களையும் பதித்து, ஒரு சுற்றுச் சுற்றி, பின்னங்காலை ஒருபக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் தளத்தில் நாய்க்கால் வழுக்கும், வழுக்கினால் பதறும், பதறினால் படகு ஆடும். பத்து டாலர் பாய் ஒன்று இதையெல்லாம் தீர்த்துவிடுகிறது. நாயைக் கயாக்கில் ஏற்றப்போகிறவர்கள் தூண்டிலுக்குச் செலவழிக்கும் முன் இதை வாங்குங்கள். நாயைக் கயாக்கோடு கட்டவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால் கயிறே எமன்.

மிதித்து ஓட்டுகிற கயாக் என்னுடையது, கை இரண்டும் சும்மா இருக்கும். கம்பு தாங்கியில் கம்பைச் செருகி, ஒரு சின்ன மினுக்குத் தகடும் அதற்குப் பின்னால் மண்புழுவும் கோத்து, ஐம்பது அறுபது அடி தூரம் விட்டு, நடந்து போகிற வேகத்துக்கும் குறைவாக இழுத்துக்கொண்டு போவேன். ட்ரோலிங் என்பார்கள். வேகம் கூடினால் தகடு பம்பரமாகச் சுற்றும், மீன் ஒதுங்கிவிடும். குறைந்தால் தகடு அடியில் உட்கார்ந்துவிடும். கம்பின் நுனி ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தால் வேகம் சரி.

அந்த நுனியை மணி பார்த்துக்கொண்டே இருப்பான். எப்போது கற்றான் என்று தெரியாது. என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, என் தோளைத் தாண்டிக் கம்பு நுனியில் கண். மீசை முடிகளில் பனித்துளி கோத்திருக்கிறது, வாயோரத்தில் ஒரு நூல் எச்சில், தொடையில் ஒரு சன்னமான நடுக்கம். தாளம் மாறினால் முதலில் அசைவது அவன் காதுதான். இடது காதின் அடிப்பக்கம் ஒரு நூல் அளவு உயரும். நான் கம்பைக் கையில் எடுக்கும்போது மீன் இழுக்கத் தொடங்கியிருக்கும். இன்று இரண்டு தடவை அப்படி. இரண்டும் வானவில் டிரவுட், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கவாட்டில் ஓடும் அந்த ரோஜா நிறப் பட்டை தண்ணீரை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் மங்க ஆரம்பித்துவிடும். அதனால் எப்போதும் முதலில் பார்த்துக்கொள்வேன், அப்புறம்தான் வலை.

மச்சினன் கரையில் உட்கார்ந்து தக்கை போட்டான். அவன் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். தங்கூசி நரம்பில் முள்ளைக் கட்டி, மைதா மாவு உருண்டையை வைத்து வாய்க்காலில் கெண்டை பிடித்த கை. இங்கே டிரவுட்டுக்கு ஜாடியில் விற்கிற மாவு இரையை உருட்டிப் பார்த்துவிட்டு, "அதே பதம்தான் அத்தான், நிறம்தான் வேற" என்றான். ஏழு மணிக்குள் ஒன்று எடுத்துவிட்டான். அவனுக்கு ஒரு நாள் உரிமத்தை நேற்றே வாங்கியிருந்தோம். பதினாறு வயது நிரம்பியவர் யாராக இருந்தாலும் உரிமம் வேண்டும். டிரவுட் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து.

மாவு இரையும் புழுவும் இருக்கிற இடத்தில் நாய் இருந்தால் தூண்டில் முள்ளைத் தரையில் வைக்கவே கூடாது. சுட்டி மாதிரி முகர்ந்ததை விழுங்குகிற நாய்க்கு அது நேரே அறுவை சிகிச்சையில் போய் முடியும். பச்சை டிரவுட்டோ சால்மனோ நாய்க்குக் கொடுக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரை மாநிலங்களில் சில மீன்களில் ஒரு ஒட்டுண்ணிப் புழு உண்டு. அந்தப் புழுவுக்குள் இருக்கும் பாக்டீரியா நமக்கு ஒன்றும் செய்யாது, சிகிச்சை கொடுக்காவிட்டால் நாயைக் கொன்றுவிடும். வேகவைத்து, முள் எடுத்துக் கொடுத்தால் பயமில்லை. எங்கள் நாய்கள் இரண்டுக்கும் அப்படித்தான் ராத்திரி ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தது. எங்களுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி இரும்புத் தவாவில் வறுவல். குடலையும் தலையையும் பையில் கட்டிக் கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டியில் போட்டுவந்தேன்.

சுட்டியின் பாடம் சாயங்காலம் கரையிலேயே நடந்தது. தரையில் கிடக்கும் கயாக்கில் ஏறு, உட்கார், இறங்கு. இறங்கச் சொல்லும்வரை இறங்காதே. இருபது முறை. கணுக்கால் தண்ணீரில் இன்னொரு பத்து. மணி பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று கவிழ்ந்தோம்.

மணியோடு காலை இரண்டு மணி நேரம் போய்வந்து, ஒன்றும் கிடைக்காமல், அவனை மச்சினனோடு கரையில் விட்டுவிட்டுச் சுட்டியை ஏற்றிக்கொண்டேன். நேரம் பத்தைத் தொட்டுவிட்டது. இந்த மலையில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறிவரும். பதினொன்றுக்குள் ஏரி முழுக்கச் சிலிர்த்துவிடும். எனக்கு இது தெரியும். கரையோரமாக ஒரு சுற்று மட்டும் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

சுட்டி நன்றாகவே உட்கார்ந்திருந்தாள். கரையிலிருந்து நூறடி இருக்கும். காற்றில் கயாக் திரும்பி, அலைக்குப் பக்கவாட்டாக நின்றது. அதே நேரம் எங்களுக்கு இடப்பக்கம் பதினைந்து அடியில் விரால் அடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து ஒன்று இறங்கியது. கல் விழுந்த மாதிரி கால்களை முன்னே நீட்டிக்கொண்டு விழுந்தது. தண்ணீர் வெடித்தது. சுட்டி பாய்ந்தாள். அவள் போன பக்கமே கயாக் சாய, கம்பைப் பிடிக்க நானும் அதே பக்கம் சாய்ந்தேன்.

குளிர் நெஞ்சில் அறைந்ததும் மூச்சு உள்ளேயே இழுத்துக்கொண்டது. வெளியே விட வரவில்லை. இந்த நேரத்தில் நீந்தப் போகக்கூடாது, மிதந்துகொண்டு மூச்சை மட்டும் பார்க்க வேண்டும், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும் என்று படித்திருக்கிறேன். லைஃப் ஜாக்கெட் தூக்கிப் பிடித்தது. ஒரு கையால் கயாக்கைப் பற்றிக்கொண்டு எண்ணினேன். முப்பதுக்கு மேல் எண்ணியபோது மூச்சு வசத்துக்கு வந்தது.

அப்போதுதான் சுட்டியைத் தேடினேன். ஆரஞ்சு நிற ஜாக்கெட் இருபதடி தள்ளித் தெரிந்தது. ஆனால் அவள் போய்க்கொண்டிருந்தது ஏரியின் நடுவை நோக்கி. காதில் தண்ணீர், கண்ணில் அலை, திசை தெரியவில்லை அவளுக்கு. கூப்பிட்டேன். என் குரல் காற்றுக்கு எதிரே போகவில்லை.

கரையில் மணி குரைத்தான்.

அவன் குரைப்பதே குறைவு. இது நிற்காத குரை, ஒரே இடைவெளியில், அடிவயிற்றிலிருந்து. தண்ணீர் விளிம்பில் முன்னங்காலை வைத்து நின்று குரைத்துக்கொண்டே இருந்தான். சுட்டியின் தலை திரும்பியது. ஒரு அரைவட்டம் அடித்து, கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்தாள். மச்சினன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று ஜாக்கெட்டின் பிடியைப் பற்றித் தூக்கிவிட்டான்.

நான் கயாக்கின் அடிப்பக்கம் குறுக்கே கை போட்டு மறுவிளிம்பைப் பிடித்து இழுத்துப் புரட்டி, கால்களை உதைத்து வயிற்றால் ஏறிப் படுத்து, அப்புறம் திரும்பி உட்கார்ந்து கரை சேர்ந்தேன். கோடை ஆரம்பத்தில் வீட்டுப் பக்கத்துக் குளத்தில் இதைப் பத்துத் தடவை பழகியது இன்று கைகொடுத்தது. ஒரு கம்பும் குறடும் போய்விட்டன. இழுவைக்கயிறு கட்டியிருந்த இன்னொரு கம்பு தப்பியது.

"மணி குரைக்க ஆரம்பிச்சது நீங்க விழுந்த உடனே இல்ல அத்தான்," என்று மச்சினன் ராத்திரி அடுப்பருகே சொன்னான். "சுட்டி தப்பான பக்கம் திரும்பின பிறகுதான்." அவன் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அவன் கதை கட்டுகிறவன் இல்லை.

சுட்டி என் தூக்கப்பைக்குள் புகுந்து படுத்திருக்கிறாள். இதை எழுதும்போதும் அவள் உடம்பு அவ்வப்போது உதறுகிறது. நாளைக்குக் கயாக் வேண்டாம்.

நான்காம் நாள், சனி

காலையில் கிழக்கே சில மைல் போய்க் கார்சன் கணவாய்க்கு ஏறினோம். 8,574 அடி. அங்கிருந்து வின்னமக்கா ஏரிக்குப் போகும் பாதையில் இந்த வாரம் பூக்காலம். சரிவெல்லாம் ஊதா லூப்பின், சிவப்புத் தூரிகை மாதிரி நிற்கும் பெயின்ட்பிரஷ், கோவேறு கழுதையின் காது போல அகன்ற இலையுள்ள மஞ்சள் பூ. வின்னமக்காவரை மணியால் நடக்க முடியாது. ஒரு மைலுக்கும் குறைவான தவளை ஏரியோடு நிறுத்திக்கொண்டோம். அது போதுமாக இருந்தது. அவன் எங்கே நின்றானோ அங்கே நாங்களும் நின்றோம். அவன் முகர்ந்து முடித்த பிறகு நகர்ந்தோம். மச்சினன் முதல் அரைமணி நேரம் பொறுமை இழந்தான், அப்புறம் பூக்களைப் படம் எடுக்க உட்கார்ந்துவிட்டான்.

தவளை ஏரிக்கரையில் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இந்தச் சியரா நெவாடா மலைத்தொடரின் உயரத்து ஏரிகளில் பெரும்பாலானவற்றில் ஆதியில் மீனே கிடையாது. பனியாறுகள் குடைந்த கிண்ணங்கள் அவை. அருவிகளைத் தாண்டி மீன் ஏறிவர வழியில்லை. மனிதர்கள்தான் கோவேறு கழுதைகளின் முதுகில் தகரக் குடங்களில் கொண்டுவந்து விட்டார்கள், பிற்காலத்தில் விமானத்திலிருந்தே கொட்டினார்கள். அதற்கு விலை கொடுத்தது மஞ்சள் கால் தவளை. அதன் தலைப்பிரட்டை வளர ஒன்றுக்கு மேற்பட்ட வருடங்கள் ஆகும். அத்தனை காலமும் டிரவுட் இருக்கும் நீரில் தப்ப முடியாது. அதோடு ஒரு பூஞ்சை நோயும் சேர, 2014இல் அது அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சில ஏரிகளில் இப்போது மீனை எடுத்துவிட்டுத் தவளையைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். மீன் பிடிக்கிறவன் நான், அது நல்ல வேலை என்று மனதாரச் சொல்கிறேன். கேப்பிள்ஸ் போன்ற அணை ஏரிகள் எங்களுக்குப் போதும். 1920களில் ஒரு இரட்டை ஏரியை அணைகட்டிப் பெரிதாக்கியது அது.

கணவாயில் இருக்கும் கல்வெட்டுகளில் கிட் கார்சன் பெயர் இருக்கிறது. 1844 பிப்ரவரியில் நில ஆய்வுப் பயணி ஜான் ஃப்ரீமான்ட்டின் குழு அவர் வழிகாட்ட இந்தப் பனியைக் கடந்தது. நாங்கள் குடியிருக்கும் ஊருக்கே அந்த ஃப்ரீமான்ட்டின் பெயர்தான். உணவு தீர்ந்து குதிரையையும் கோவேறு கழுதையையும் கொன்று தின்றபடி வந்தார்கள். கணவாய்க்குக் கிழக்குப்பக்கம் முகாமிட்டிருந்தபோது, பிப்ரவரி 13 அன்று, தங்களோடு வந்த சின்ன நாயையும் கொன்று சமைத்தார்கள். ஃப்ரீமான்ட்டே தன் அறிக்கையில் அதை எழுதியிருக்கிறார். வழியில் கண்ட க்ளாமத் ஏரியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். அடுத்த நாள் அவர் பக்கத்துச் சிகரம் ஒன்றில் ஏறி, தூரத்தில் ஒரு பெரிய ஏரியைப் பார்த்தார். டாஹோ ஏரியைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு அதுதான் என்பார்கள். பூர்வகுடிகளான வாஷோ மக்கள் எத்தனையோ ஆயிரம் வருடமாகக் கோடையைக் கழித்த ஏரி.

டாஹோவைக் கண்ட நாள் எல்லாப் பலகையிலும் இருக்கிறது. அதற்கு முந்தின நாளை எங்கும் காணோம். பசியில் இருந்த மனிதர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாய் அத்தனை பனியிலும் அவர்கள் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறது. மச்சினன் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மணியின் பாதத்தைத் தூக்கி, விரல்களுக்கு நடுவில் முள்புல் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். இரண்டாவது நாள் நான் செய்ததைப் பார்த்து வைத்திருக்கிறான்.

இறங்கும்போது பாறைமேல் ஒரு மார்மட், பெரிய தரை அணில். சுட்டி உறைந்து நின்றாள். "வேண்டாம்" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் எட்டு மாதமாக உழைக்கிறேன். பைநிறைய வைத்திருந்த கோழித்துண்டில் பாதி அங்கேயே தீர்ந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிறு

கடைசிக் காலை. ஆழத்தில் கிடக்கும் மாக்கினா டிரவுட்டை இந்தத் தடவை தேடவே இல்லை. கோடையில் அது அடியோடு அடியாகப் போய்விடும், அதற்கான கனத்த சாமான் வேறு வேண்டும். ஏரியின் கிழக்கு மூலைக்கு, ஓடை வந்து விழும் இடத்துக்குப் போனோம். மச்சினனுக்கு இன்று இன்னொரு கயாக். நேற்று மாலையே கரையோரம் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டான். உரிமம் இல்லாததால் கம்பு இல்லை.

மணியைத் தூக்கக் குனிந்தேன். "இருங்க அத்தான்" என்று மச்சினன் தடுத்தான். கயாக்கைக் கரையிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மணியின் வயிறு நனைகிற ஆழத்துக்குக் கொண்டுபோய், விளிம்பைத் தன் முழங்காலால் அழுத்திச் சாய்த்துப் பிடித்தான். தண்ணீர் மணியின் கனத்தைப் பாதி வாங்கிக்கொண்டது. முன்னங்கால் இரண்டும் ஏறின. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாங்களும் அசையவில்லை. பின்னங்கால் ஒன்று வந்தது, வழுக்கியது, திரும்ப வந்தது. ஏறிவிட்டான். ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தான். ஏழு வருட அனுபவத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஓடை வாயில் மூன்றாவது வீச்சில் ஒரு ப்ரூக் டிரவுட். ஒரு சாண் நீளம்தான். முதுகில் புழு ஊர்ந்த தடம்போலக் கரும்பச்சையில் மஞ்சள் நெளிவுகள். விலாவில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நீல வளையம். அடித்துடுப்பின் முன் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு வெள்ளை. ஈரக் கையில் பிடித்து மணியின் மூக்கருகே கொண்டுபோனேன். முகர்ந்தான். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. முள் சுலபமாகக் கழன்றது. நீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன், வாலை ஒருமுறை அசைத்துவிட்டுப் போயிற்று.

எட்டரைக்குக் கரையேறிவிட்டோம். ஒன்பதுக்குக் காற்று வந்தது. கரையிலேயே சுட்டியைக் கணுக்கால் தண்ணீரில் கயாக்கில் ஏற்றி உட்கார வைத்தேன். முதலில் மறுத்தாள். மணி போய்ப் பக்கத்தில் நின்றதும் ஏறினாள். இரண்டு நிமிடம். இந்தப் பயணத்துக்கு அது போதும்.

மாலை நாலுக்கு வீடு. புல்தரையில் கயாக்குகளை இறக்கிக் கழுவ ஆரம்பித்தேன். மச்சினன் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தான். என் மனைவி இரண்டு கிண்ணத்தில் தீனி வைத்துக் கூப்பிட்டாள். சுட்டி ஓடினாள். மணி மெதுவாக வந்து, தரையில் கிடந்த கயாக்கில் கால் வைத்து ஏறி, பாயின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். கம்பு தாங்கி காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குழாயை மூடிவிட்டு அவன் இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்தேன்.